பழைய பிஹெச்பி பக்கமும் ஓர் ஒற்றை மேற்கோள்குறியும்

உங்கள் தளத்தில் பெயர் கேட்கும் ஃபார்ம் ஏதாவது இருந்தால், அதில் டி'குரூஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில், நடுவில் வரும் அந்த ஒற்றை மேற்கோள்குறியோடு தட்டி அனுப்பிப் பாருங்கள். பதிவு ஒழுங்காக ஏறினால் ஓரளவு நிம்மதி. பக்கம் வெறும் வெள்ளையாக நின்றாலோ, எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் மொழி) பிழை என்று ஆங்கிலத்தில் நாலு வரி வந்தாலோ அந்தத் தளம் பெரும்பாலும் திறந்துதான் கிடக்கிறது. உங்கள் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். அடுத்தவர் தளத்தில் அனுமதியில்லாமல் புகுவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு விரோதம், கெட்ட எண்ணத்தோடு செய்தால் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பயிற்சி நிறுவனத்தில், "சில பேருக்கு மட்டும் ரிஜிஸ்ட்ரேஷன் ஆக மாட்டேங்குது சார்" என்று கூப்பிட்டார்கள். அந்தச் சில பேர் யாரென்று பார்த்தால் டி'குரூஸ், டி'சோசா, டி'சில்வா. கடற்கரை ஊர்களில் இந்தப் பெயர்கள் சர்வசாதாரணம். அலுவலகத்தில் இருந்தவர்கள் மேற்கோள்குறியை விட்டுவிட்டு எழுதச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய பெயரைத் திருத்தி எழுதச் சொல்வதே சரியில்லை, அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பெயரில் இருக்கும் குறி டேட்டாபேஸ் வரைக்கும் போய் அதைக் குழப்புகிறது என்றால், வேண்டுமென்றே குழப்ப வருகிறவன் என்ன செய்வான் என்று யோசிக்க வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். தளத்தை ஓட்டும் நிரல்மொழியான பிஹெச்பி, பழைய முறையில் எழுதியிருந்தால், 'மாணவர் டேபிளில் பெயர் இன்னதாக உள்ள வரியைக் கொடு' என்ற க்வெரியை, அதாவது டேட்டாபேஸுக்கான கட்டளையை, ஒரே எழுத்துச் சரமாக எழுதி, நடுவில் ஃபார்மில் வந்ததை அப்படியே ஒட்டி, மொத்தத்தையும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லுக்கு அனுப்பிவிடுகிறது. எது டெவலப்பர் எழுதிய கட்டளை, எது முன்பின் தெரியாத ஒருவர் தட்டிய எழுத்து என்று மைஎஸ்க்யூஎல்லுக்குத் தெரிய வழியே இல்லை. எழுத்து எங்கே முடிகிறது என்பதை அது மேற்கோள்குறியை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. தட்டுகிறவரே அந்தக் குறியையும் தட்டிவிட்டால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் கட்டளையாகிவிடும். 'அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்' என்பதை எஸ்க்யூஎல்லில் சேர்த்துவிட்டால் போதும், நிபந்தனை எல்லா வரிக்கும் உண்மையாகிவிடும், லாகின் பக்கமாக இருந்தால் எந்தப் பாஸ்வேர்டும் தெரியாமல் உள்ளே போய்விடலாம். யூனியன் என்ற சொல்லைச் சேர்த்தால் பக்கத்து டேபிளில் இருப்பதையும் இதே பக்கத்தில் கொட்ட வைக்கலாம். எஸ்க்யூஎல் ஊசி (SQL injection) எனப்படும் இந்த வழி 1998-லேயே வெளிப்படையாக எழுதப்பட்டுவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் நான் திறந்து பார்க்கிற பழைய தளங்களில் இது இன்னும் இருப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

"எஸ்கேப் செய்திருக்கிறோமே" என்பார்கள். மேற்கோள்குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டு அதைச் செயலிழக்க வைப்பது. சரி, அது மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துக்கு மட்டும்தான் உதவும். பொருளின் எண்ணை வைத்து விவரம் காட்டும் பக்கங்களில் எண்ணைச் சுற்றி மேற்கோளே இருக்காது, அங்கே உடைக்க மேற்கோள்குறியும் தேவையில்லை. எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு நிபந்தனையைச் சேர்த்தால் முடிந்தது. எஸ்கேப் செய்த தளங்களில் நான் பார்த்த ஓட்டைகளில் பெரும்பாலானவை இந்த மாதிரி எண் கேட்கும் பக்கங்களில்தான்.

தீர்வு ப்ரிபேர்டு ஸ்டேட்மெண்ட். வங்கிச் செலானில் அச்சடித்த வரிகள் முதலிலேயே இருக்கும், நாம் கட்டத்தை மட்டும் நிரப்புகிறோம், பெயர்க் கட்டத்தில் எதை எழுதினாலும் அச்சடித்த வரி மாறாது. அதே மாதிரி க்வெரியை ஒரு கேள்விக்குறியோடு, அதாவது ப்ளேஸ்ஹோல்டரோடு, முதலில் அனுப்பிவிட வேண்டும். மதிப்பு தனியாகப் பின்னால் போகும். பிஹெச்பி டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்தும் பிடிஓ, மைஎஸ்க்யூஎல்ஐ இரண்டிலுமே இந்த வசதி உண்டு. பிடிஓ, பிஹெச்பி 5.1 பதிப்போடு 2005-லேயே வந்துவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மைஎஸ்க்யூஎல்லுடன் பேசும்போது பிடிஓ, தானாக விட்டால், உண்மையில் தனியாக அனுப்பாமல் தன் பக்கத்திலேயே நிரப்பி அனுப்பும். அந்த எமுலேஷன் அமைப்பை அணைத்துவிட்டு, இணைப்பு வரியிலேயே யுடிஎஃப்8எம்பி4 (எல்லா மொழி எழுத்தையும் ஏற்பது) என்று எழுத்துமுறையையும் சொல்லிவிடுவது நல்லது.

இனி, நான் அதிகம் பார்க்கிற ஒரு விஷயம். பிஹெச்பியின் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களுக்கு 2013-ல் 5.5 பதிப்பிலேயே எச்சரிக்கை கொடுத்தார்கள், 2015 டிசம்பரில் வந்த 7.0-ல் எடுத்தே விட்டார்கள். ஹோஸ்டிங்காரர் பதிப்பை ஏற்றியதும் தளம் நின்றுபோகும். அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட்டால், அவர் எல்லாக் கோப்பிலும் பழைய ஃபங்ஷன் பெயரில் மைஎஸ்க்யூஎல் என்பதற்குப் பின்னால் ஓர் 'ஐ' சேர்த்து, இணைப்பு மாறியையும் உள்ளே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தளம் எழுந்துவிடும், பிழைச் செய்தி போய்விடும், பில்லும் கொடுத்தாகிவிடும். ஆனால் ஒட்டி அனுப்புவது அப்படியேதான் இருக்கிறது. பெயர் மாறியது, ஓட்டை மாறவில்லை. இப்போது அது புதிய பிஹெச்பியில் ஓடுவதால் 'அப்டேட் ஆகிவிட்டது' என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. முதல் நிலைமையைவிட இது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ப்ரிபேர்டு ஸ்டேட்மெண்டுக்கு மாறியவர்களும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. டேபிள் பெயர், ஃபீல்டு பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பது, இவற்றையெல்லாம் ப்ளேஸ்ஹோல்டரில் கொடுக்க முடியாது. 'விலைப்படி அடுக்கு' என்ற பட்டன் அனுப்பும் சொல்லை நேராக ஒட்டிவிடுகிறார்கள். அங்கே நீங்களே அனுமதித்த நாலைந்து பெயர்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, வந்தது அதில் இருந்தால் மட்டும் எடுக்க வேண்டும். இன்னொன்று, டேட்டாபேஸிலிருந்து எடுத்ததுதானே என்று நம்பி இன்னொரு க்வெரியில் ஒட்டுவது. பதியும்போது பத்திரமாக ஏறிய விஷமத்தனமான பெயர், மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுக்கும் பக்கத்தில் வெடிக்கும். எங்கிருந்து வந்தாலும் எழுத்து எழுத்துதான்.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு தடை இருக்கிறது. பழைய டேபிள்கள் லத்தீன்1 என்ற எழுத்துமுறையில் இருக்கும், பழைய இணைப்பும் அதே லத்தீன்1. தமிழின் பைட்டுகள் அப்படியே உள்ளே போய் அப்படியே வெளியே வந்ததால் பக்கத்தில் தமிழ் சரியாகத் தெரிந்தது. இணைப்பை யுடிஎஃப்8எம்பி4 ஆக்கியதும் அத்தனை தமிழும் வேற்றெழுத்துக் குப்பையாகத் தெரியும். டெவலப்பர் பயந்துபோய் பழைய கோப்புகளையே திருப்பி ஏற்றிவிடுவார், பாதுகாப்பு வேலையும் அதோடு நின்றுபோகும். டேட்டா அழியவில்லை, பெயர்ப்பலகைதான் தப்பு. நேராக எழுத்துமுறையை மாற்றினால் இரட்டைக் குழப்பம் ஆகிவிடும். முதலில் பேக்கப் எடுத்து, அந்த ஃபீல்டை பைனரி வகைக்கு மாற்றி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்ற வேண்டும். அப்புறம் தமிழும் வரும், எமோஜியும் வரும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யுடிஎஃப்8 மூன்று பைட்டோடு நின்றுவிடும், தமிழ் எழுத்துக்கு அது போதும், எமோஜிக்கு நான்கு வேண்டும்.

"எங்க தளத்துல எவன் வரப்போறான்" என்பவர்களுக்கு பிரிட்டனின் டாக்டாக் கதையைச் சொல்வேன். 2015 அக்டோபரில் அந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் போயின, அதில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரமும் சேர்த்தி. நுழைந்த வழி இதே எஸ்க்யூஎல் ஊசிதான். அதுவும் அவர்கள் எழுதிய பக்கங்கள் வழியாக இல்லை, 2009-ல் வாங்கிய இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து வந்த பழைய பக்கங்கள் வழியாக. அவை இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. 2016-ல் 4 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. இங்கேயும் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. வருகிறவன் ஆளாக உட்கார்ந்து உங்கள் கடையைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. தானியங்கி நிரல்கள் முகவரி முகவரியாகத் தட்டிக்கொண்டே போகின்றன, திறந்தால் எடுத்துக்கொள்கின்றன.

ஆகவே முதல் வேலையாக ஹோஸ்டிங் ஃபோல்டரைத் திறந்து, மெனுவில் இல்லாத பக்கங்களைத் தேடுங்கள். பழைய தேர்வு முடிவுப் பக்கம், போன தடவை விழாவுக்குப் போட்ட பதிவு ஃபார்ம், 'டெஸ்ட்', 'ஓல்டு' என்ற பெயரில் கிடக்கும் நகல்கள். லிங்க்கை எடுத்துவிட்டால் பக்கம் போய்விடாது, முகவரி தெரிந்தவருக்கு அது இன்னும் வேலை செய்யும். வேண்டாததை இறக்கிவிட்டு அழித்துவிடுங்கள், டேட்டாபேஸ் பேக்கப் கோப்பு அங்கே கிடந்தால் அதையும்.

பிறகு டேட்டாபேஸ் யூசர். எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கில் தளம் ஓடக் கூடாது. வெறும் தகவல் காட்டும் பக்கத்துக்குப் படிக்கும் உரிமை போதும், டேபிளையே அழிக்கும் உரிமை எந்தப் பக்கத்துக்கும் வேண்டாம். பாஸ்வேர்டை எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறையில் (நேராக வைக்காமல் உருமாற்றி வைப்பது) வைத்திருந்தால், திருடியவர் சாதாரணப் பாஸ்வேர்டுகளைச் சுலபமாக உடைத்துவிடுவார். பிஹெச்பி 5.5 முதலே பாஸ்வேர்டை ஹேஷ் செய்யத் தனி ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது. மாற்றும்போது பழைய 32 எழுத்து ஃபீல்டை 255-ஆக நீட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய அமைப்பில் ஓடும் மைஎஸ்க்யூஎல் புதிய ஹேஷைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும், யாராலும் உள்ளே வர முடியாது.

கோட் படிக்கத் தெரியாத கடைக்காரரோ பள்ளி நிர்வாகியோ இதைப் படித்தால், உங்கள் டெவலப்பரிடம் இரண்டைக் கேளுங்கள். எந்த பிஹெச்பி பதிப்பு ஓடுகிறது? ஃபார்மில் வருவதை க்வெரியில் ஒட்டுகிறீர்களா, ப்ளேஸ்ஹோல்டருக்குத் தனியாக அனுப்பி பைண்ட் செய்கிறீர்களா? ஒட்டுகிறோம் என்றால் மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு, அதற்கான கூலியை மனசாரக் கொடுங்கள். வேலை நடக்கும் வரை, பிழைச் செய்தியைத் திரையில் காட்டாமல் லாக் கோப்பில் மட்டும் எழுதும்படி இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். ஓட்டை அதனால் அடைபடாது, ஆனால் டேபிள் பெயரையும் ஃபீல்டு பெயரையும் நாமே எடுத்துக் கொடுப்பதாவது நிற்கும்.