கணப்பு: ‘வுட் ஸ்டவ்’வை விறகடுப்பு என்று சொல்லலாமா?

பெங்களூரு கன்டோன்மென்ட் பக்கம் குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், லாங்ஃபோர்ட் டவுன் என்று பழைய பங்களாக்கள் இன்னும் மிச்சமிருக்கும் தெருக்களில் டிசம்பர் வந்தால் ஒரு பேச்சு எழும். கூடத்துச் சுவரில் வெள்ளைக்காரர் காலத்து ஃபயர்ப்ளேஸ், அதாவது குளிர்காய நெருப்பு மூட்டும் குழி, சும்மா கிடக்கிறதே, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வுட் ஸ்டவ், அதாவது விறகு எரித்து அறையைச் சூடாக்கும் மூடிய இரும்புப் பெட்டி, வாங்கி வைத்தால் என்ன? இந்தத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பேச்சு முழுக்கத் தமிழில்தான் நடக்கிறது, பொருட்களின் பெயர் மட்டும் ஒன்றுகூடத் தமிழில் வருவதில்லை. யாராவது தமிழில் சொல்லப் பார்த்தால் ‘விறகடுப்பு’ என்கிறார்கள். கேட்டவர் மனதில் களிமண் அடுப்பும் ஊதுகுழலும் வந்து நிற்கின்றன.

வந்து நிற்பதில் தப்பில்லை. அடுப்பு என்ற சொல்லே சமையலிலிருந்து பிறந்தது. அடுதல் என்றால் சமைத்தல், காய்ச்சுதல். ‘அட்டாலும் பால் சுவையிற் குன்றாது’ என்று சின்ன வகுப்பில் படித்தோமே, அந்த ‘அட்டாலும்’ இதே வினைதான். சமைக்கிற இடம் அட்டில், சமைத்த உணவு அடிசில், சமைக்க உதவுவது அடுப்பு. ஸ்டவ் என்ற கடன்சொல்லும் தமிழுக்குள் வந்தபோது பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ், கேஸ் ஸ்டவ் என்று சமையலறையிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் கடையில் ‘வுட் ஸ்டவ்’ என்று கேட்டால் விறகு போட்டுச் சமைக்கும் புகையில்லா அடுப்பையோ, முகாமுக்கு எடுத்துப் போகும் தகர அடுப்பையோ காட்டுகிறார்கள்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் வந்த வழி வேறு. பழைய டச்சிலும் ஜெர்மானிய மொழிகளிலும் அது சூடேற்றிய அறையை, குறிப்பாக வேர்வைக் குளியல் அறையைக் குறித்தது. இன்றைய ஜெர்மனில் அறையைக் குறிக்கும் ‘ஷ்டூபெ’ அதன் உறவுச் சொல். அறையின் பெயர், காலப்போக்கில் அந்த அறையைச் சூடாக்கும் பெட்டியின் பெயராக மாறியது. ஆக அங்கே ஸ்டவ் அறைச் சூட்டிலிருந்து தொடங்கிச் சமையலுக்குப் போனது. நம் அடுப்பு சமையலிலேயே தொடங்கிச் சமையலிலேயே இருக்கிறது.

குளிர் காய்வதற்கான நெருப்புக்குத் தமிழில் தனிச்சொல் உண்டு: கணப்பு. உடம்பு ‘கணகண’வென்று இருக்கிறது என்கிறோம், குழந்தைகளுக்குக் கணைச்சூடு என்கிறோம். அந்தக் குடும்பத்துச் சொல் இது. குளிர்காயும் தீ, அந்தத் தீயை வைக்கும் இடம், அதன் வெதுவெதுப்பு எல்லாவற்றுக்கும் கணப்பு என்றே பெயர். தணல் போட்டுக் கை காட்டும் சட்டி கணப்புச் சட்டி. ருஷ்யக் கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தவே வேண்டாம். சிலர் ‘கனப்பு’ என்று எழுதுகிறார்கள். கனலை நினைத்து அப்படி எழுதுகிறார்கள் போலும். கனத்தோடு குழம்பாமல் இருக்கவாவது டண்ணகரம் போட்டு எழுதுவது நல்லது.

கணப்பைவிடப் பழைய சொல்லும் இருக்கிறது. நெடுநல்வாடையில் மழையும் வாடையும் வாட்டும்போது யாரும் குறுகிய வாயுள்ள கூசாப் பாத்திரத்தின் குளிர்ந்த நீரைக் குடிப்பதில்லை. ‘பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர’ என்று வருகிறது. அகன்ற வாயுள்ள தடவில் சிவந்த நெருப்பை வைத்துக் காய்கிறார்கள். தடவு என்பது கணப்புச் சட்டிதான். பின்னால் வந்த கும்மட்டியும் இதே வேலையைச் செய்தது. தெலுங்கில் அதைக் கும்பட்டி என்பார்கள். கன்னட எழுத்தில் வரும் அக்கிஷ்டிகெ, தில்லிக்காரர்கள் சொல்லும் அங்கீட்டி இரண்டும் அக்னியை உள்ளே வைத்த ஒரே வடசொல்லிலிருந்து கிளைத்தவை.

ஆனால் தடவு, கும்மட்டி, அங்கீட்டி எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. எதற்கும் புகைவழி கிடையாது. மூடிய அறையில் கரிச்சட்டியை வைத்துக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளையே கொன்றுவிடும். வட இந்தியக் குளிரில் இப்படிச் சாவுகள் நடந்த செய்தி வராத வருஷம் குறைவு. ஆகவே நாம் தேடும் பொருளுக்குப் பெயர் வைக்கும்போது, எரிவதையும் புகை வெளியேறுவதையும் ஒரே உடம்பில் கொண்ட மூடிய இரும்புப் பெட்டி அது என்பது மறந்துபோகக் கூடாது. நான் சொல்வது கணப்படுப்பு. அடுப்பு என்ற பின்பாதி பழக்கத்துக்காக இருக்கட்டும், முன்பாதி வேலையைச் சொல்லிவிடும். சுவரில் இருக்கும் ஃபயர்ப்ளேஸ் திறப்பு வேறு பொருள். அதற்குக் கணப்பு மாடம் என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தும். விளக்கு மாடம், மாடக்குழி என்று சுவருக்குள் குடைந்த இடத்தை மாடம் என்று சொல்லித்தானே பழக்கம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பேசாததால் காசு விரயமாவதைக் குக் டவுனில் என் சித்தி வீட்டில் பார்த்தேன். மாடத்தின் முகப்பு அகலம் 36 அங்குலம், உயரம் 30. சித்தி இணையத்தில் 27 அங்குல அகலத்தில் ஓர் அடுப்பைப் பார்த்து முன்பணமும் கட்டிவிட்டார். மேஸ்திரி வந்து டேப்பை மாடத்துக்குள் நீட்டினார்.

“மேஸ்திரி, தாராளமா அடங்கும்ல?”

“முன்னாடி அடங்கும்மா. உள்ள போகப் போகச் சுவர் சுருங்குது பாருங்க. பின்னாடி ரெண்டடிதான் இருக்கு.”

பக்கச் சுவர்கள் சாய்வாக உள்ளே ஒடுங்கியிருந்தன. ஆழமும் 16 அங்குலம்தான். முன்பணம் திரும்பவில்லை. அப்படிச் சாய்வாகக் கட்டியது கொத்தனாரின் கைப்பிசகில்லை. 1796-இல் ரம்ஃபோர்ட் பிரபு என்ற விஞ்ஞானி கணப்பு மாடங்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ஆழம் குறைவாகவும் பக்கங்கள் சாய்வாகவும் மேலே புகை ஏறும் தொண்டை குறுகலாகவும் கட்டினால் வெப்பம் அறைப் பக்கம் திரும்பும், புகையும் ஒழுங்காக மேலேறும் என்பது பரவியது. திறந்த நெருப்புக்கு அது அருமையான வடிவம், பெட்டி வடிவ அடுப்புக்கோ இடைஞ்சல். எனவே மாடத்தை அளக்கும்போது முன் அகலம், பின் அகலம், முன் உயரம், பின் உயரம், அடியில் ஆழம், மேலே ஆழம் என்று ஆறு அளவும் வேண்டும். மாடத்துக்கு முன்னால் நீட்டியிருக்கும் கல் திண்டின் அகலத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். தணல் தெறித்தால் விழும் இடம் அது. பிரிட்டனில் மூடிய அடுப்புக்கு முன்னால் குறைந்தது 225 மில்லிமீட்டர், பக்கங்களில் 150 மில்லிமீட்டர் எரியாத தளம் கேட்கிறார்கள். நம் ஊரில் சாதரஹள்ளிக் கல்லோ பழைய காவித் தரையோ இருக்கும், கவலையில்லை. மேலே மரப் பலகை வைத்து அழகுபடுத்தியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சரி, அளவெடுத்தாயிற்று. மாடம் பெரிதாக இருந்தால் அதை நிரப்புகிற மாதிரி பெரிய அடுப்பு வாங்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அது வேண்டாம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அடுப்பின் அளவைத் தீர்மானிப்பது அறைதான். அடுப்பு அதற்குமேல் பெரிதாகாமல் தடுப்பது மட்டுமே மாடத்தின் வேலை. பிரிட்டன் விற்பனையாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 14-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட். 16 அடிக்கு 14 அடி, 11 அடி உயரக் கூடம் என்றால் சுமார் 70 கன மீட்டர், 5 கிலோவாட். ஆனால் அந்தக் கணக்கு வெளியே உறைநிலைக் குளிர், உள்ளே 21 டிகிரி என்று வைத்துப் போட்டது. பெங்களூருவில் ஜனவரி இரவு சாதாரணமாக 15, 16 டிகிரியில் நிற்கிறது. இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில். ஆறு டிகிரி ஏற்றினால் போதும் என்றால் அதே கூடத்துக்கு ஒன்றரை கிலோவாட்டே தாராளம். கடையில் பொதுவாகக் கிடைக்கும் சிறிய அடுப்பே 4, 5 கிலோவாட் இருக்கும். அதற்கு மேல் போனால் வேர்த்து ஊற்றும். உடனே காற்றுக் கதவை மூடித் தீயை அடக்குவார்கள். அடங்கிப் புகையும் விறகிலிருந்து கிளம்பும் தார் புகைவழியில் படியும். ஒரு நாள் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். வார்ப்பிரும்பு அழகுக்கு மயங்கிப் பெரிய அடுப்பு வாங்கியவர்கள் இந்த ஊரில் உண்மையில் வாங்கியது புகையைத்தான்.

சிறியதை வாங்கினால் மாடத்தில் இடம் மிஞ்சுமே என்றால், மிஞ்சட்டும். அடுப்பைச் சுற்றிக் காற்று ஓடினால்தான் சூடு அறைக்குள் வரும். எத்தனை அங்குலம் விட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள், அதை மீறக் கூடாது. மரச்சாமான், திரை, கூரைக் கட்டை போன்றவற்றுக்கான விதி இன்னும் கடுமையானது. சோதனைச் சான்று இல்லாத அடுப்பு என்றால் அமெரிக்க விதிப்படி எரியக்கூடிய எதுவும் 36 அங்குலத்துக்குள் இருக்கக் கூடாது. அகலாமல் அணுகாமல் தீக்காய்வாரைப் போல இருக்கும்படி குறள் அரசனைச் சேர்ந்திருப்பவர்களுக்குச் சொன்னது. மங்களூர் ஓட்டுக் கூரையின் தேக்குச் சட்டங்களுக்கும் அதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அடுத்து சிம்னி. கிரேக்கத்தில் காமினோஸ் என்றால் உலை. லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்து ஷெமினே ஆனபோது கணப்பு மாடம், புகைக்கூண்டு இரண்டையும் அந்த ஒரே சொல் குறித்தது. ஆங்கிலத்தில் புகைக்கூண்டு மட்டும் நின்றது. தமிழில் அது விளக்கின் கண்ணாடியாகி, சிம்னி விளக்காகி, இன்று சமையல் மேடைக்கு மேலே மின்விசிறியோடு தொங்கும் பெட்டியாகிவிட்டது. பெங்களூருவில் ‘சிம்னி கிளீன் பண்ண ஆள் வேணும்’ என்று போன் செய்தால் எண்ணெய்ப் பிசுக்கு துடைக்கிறவர்தான் வருவார். கூரைக்கு மேல் நிற்கும் செங்கல் கட்டுமானத்தைப் புகைக்கூண்டு என்றும், அதற்குள் புகை போகும் பாதையைப் புகைவழி என்றும் சொன்னால் குழப்பம் தீரும்.

இந்தப் பிரிவு வெறும் சொல்லழகுக்காக இல்லை. கூண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் புகைவழி அடுப்பிலிருந்து புகை வெளியேறும் வாய்க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 6 அங்குல வாயுள்ள அடுப்புக்கு வழியின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். பழைய கூண்டின் உள்ளளவு 9-க்கு 9 இருந்தாலே 81 ஆகிவிடும், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவ்வளவு பெரிய இடத்தில் புகை சீக்கிரம் குளிர்ந்து இழுவை குறைகிறது, தார் படிகிறது. ஆகவே கூண்டுக்குள் மேலிருந்து கீழ்வரை எவர்சில்வர் குழாய் இறக்க வேண்டும். விறகுக்கு 316 ரகம் கேளுங்கள். பழைய மாடத்தின் தொண்டையில் இரும்புத் தகடு ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் டேம்பர், நமக்குப் புகைமடை என்றால் சரியாக இருக்கும்; நீரைத் திறந்து மூடுவது மடையென்றால் புகையைத் திறந்து மூடுவதும் மடையே. குழாய் இறங்க அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டிவரும். கழற்றிய பிறகு குழாயைச் சுற்றி ஒரு மூடுதகடு போடாவிட்டால் சூடு முழுக்கக் கூண்டு வழியாக மேலே போய்விடும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது மொட்டைமாடி ஏறிப் பார்ப்பது. மழை இறங்குகிறது என்று பல வீடுகளில் கூண்டின் தலையைக் கடப்பைக்கல் போட்டு அடைத்திருப்பார்கள். சிலவற்றில் தேன்கூடு இருக்கும். மேலே ஒரு மாடி எழுப்பியபோது கூண்டையே பாதியில் வெட்டிவிட்ட வீடுகளும் உண்டு. அங்கே மாடம் வெறும் அலங்காரம், அதில் எந்த அடுப்பும் வைக்க முடியாது.

மாடத்துக்குள்ளேயே செருகி முகப்பைத் தகட்டால் மூடும் வகையை ஆங்கிலத்தில் இன்செர்ட் என்கிறார்கள். அதை மாடக் கணப்பு என்றும், கால்களோடு தனியாக நிற்பதை நிலைக் கணப்பு என்றும் நான் எழுதி வருகிறேன். 1740-களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வடிவமைத்த இரும்புக் கணப்பும் ஏற்கெனவே இருந்த மாடத்துக்காகச் செய்யப்பட்டதுதான். திறந்த மாடத்தில் எரிக்கும் விறகின் சூட்டில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான் அறைக்கு வரும். இன்றைய நல்ல கணப்படுப்பில் பத்துக்கு ஏழு பங்கு வருகிறது.

அது காய்ந்த விறகுக்குச் சொல்லும் கணக்கு. சவுக்கு இந்தப் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிறது, நன்றாகத் தணல் பிடிக்கும். எந்த மரமானாலும் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே அடுப்புக்குப் போக வேண்டும். பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி மாசக்கணக்கில் வைத்தால்தான் அந்த நிலைக்கு வரும். கட்டையைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியின் முள்ளைக் குத்திப் பாருங்கள். வெளித்தோலில் குத்தினால் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும்.