நெருப்பில்லாத சமையற்கட்டில் பூரி எப்படி உப்புகிறது?

ராயபுரத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நம்ம துறைமுகத்துக்கு வந்துபோகும் சொகுசுக் கப்பல்களில் நெருப்பே மூட்ட மாட்டார்களாமே. அப்புறம் பூரி, பஜ்ஜி எல்லாம் எப்படிப் போடுகிறார்கள்? எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்வார்கள்?"

முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை: மின்சாரம். சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். கப்பலின் உடலோ ஒரு பெரிய அண்டா. கசிந்த வாயு அடித்தளத்தில் போய்த் தேங்கும், வெளியேற வழி இருக்காது. ஜெனரேட்டர் மின்சாரம் எப்படியும் ஓடிக்கொண்டிருப்பதால் அடுப்பு, தவா, எண்ணெயில் பொரிக்கும் ஃப்ரையர் எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டிவிடுகிறார்கள்.

கப்பலில் பெரிய உணவுக்கூடம், பஃபே, தனிக் கட்டணம் வாங்கும் சிறு உணவகம் என்று பல இடங்களில் சாப்பிடலாம். ஆனால் பெரும்பாலான சமையல் நடப்பது பயணிகள் கண்ணில் படாத சமையற்கட்டில்தான். கப்பல்காரர்கள் அதை 'கேலி' (galley) என்பார்கள். உணவுக்கூடத்தில் வைக்கும் சூட்டுத் தட்டு 2 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது, அதன் மேற்பரப்பு 150 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த இடத்துக்கும் சமையற்கட்டுக்குரிய தீத்தடுப்பு விதிகள் வந்துவிடும். பூரி உப்ப 170 முதல் 190 டிகிரி வேண்டும். ஆக, இட்லி உங்கள் கண்முன்னே சூடாக இருக்கும், பூரி மட்டும் உள்ளேயிருந்துதான் வரும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். சுத்திகரித்த எண்ணெய் சுமார் 230 டிகிரியில் புகையத் தொடங்கும். 350 டிகிரியை ஒட்டிப் போனால் பொறி எதுவும் தேவையில்லை, தானாகவே தீப்பற்றும். இதற்கு நெருப்பு மூட்டியிருக்க வேண்டியதில்லை, ஃப்ரையரைச் சூடேற்றும் மின்கம்பியே போதும். அதனால்தான் 'சோலாஸ்' எனப்படும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை, ஃப்ரையருக்கு இரண்டு தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோடு நிறுத்தும் கருவி) கேட்கிறது. ஒன்று வேலை செய்வது, இன்னொன்று மாற்று. எது பழுதானாலும் அலாரம் அடிக்க வேண்டும். பழுதுக்கு வழக்கமான காரணம் அழுக்கு. தெர்மோஸ்டாட்டின் வெப்பமறியும் குச்சிமேல் கரிந்த எண்ணெய் தடிப்பாகப் படிந்தால், அது உண்மையான சூட்டைத் தாமதமாகத்தான் உணரும். எண்ணெய் மட்டம் குறைந்து குச்சி வெளியே தெரிந்தாலும் கதை அதேதான்.

இரண்டு தெர்மோஸ்டாட்டையும் மீறித் தீப்பிடித்தால்? தண்ணீர் கூடவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், ஒரு லிட்டர் சுமார் 1,700 லிட்டர் ஆவியாகப் பொங்கி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியடிக்கும். தீயணைப்பானின் உலர்பொடி சுடரை அணைக்கும், ஆனால் எண்ணெயின் சூட்டை இறக்காது. அரை நிமிடத்தில் மறுபடி பற்றிக்கொள்ளலாம். எரிந்து சிதைந்த எண்ணெய் முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும் என்பது இன்னும் மோசம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் வருகிறது. ஃப்ரையருக்கு மேலே உள்ள முனையிலிருந்து பொட்டாசியம் கார்பனேட் அல்லது பொட்டாசியம் அசிடேட் கரைசல் மெல்லிய தூறலாக விழும். வேகமாகப் பீய்ச்சினால் எண்ணெய் தெறிக்கும் என்பதால் தூறல். கொதிக்கும் எண்ணெயில் இந்தக் கரைசலின் காரம் (அல்கலி) பட்டவுடன், கொழுப்பு மூலக்கூறு கிளிசராலாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் உடைகிறது. அமிலத்தோடு பொட்டாசியம் சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. பள்ளியில் படித்த அதே சோப்பாக்கும் வினை, எரிகிற எண்ணெயின் மேற்பரப்பிலேயே சில நொடிகளில் நடக்கிறது! சோடியம் தரும் சோப்பு கட்டியாக இருக்கும், பொட்டாசியம் தருவது இளகியது. கரைசலின் தண்ணீர் ஆவியாகி அந்த இளகிய சோப்புக்குள் குமிழ்களாகச் சிக்க, கெட்டியான நுரை ஒன்று எண்ணெய்மேல் போர்வைபோல் படர்கிறது. ஆவியாகும் தண்ணீர் சூட்டை இழுத்துக்கொள்கிறது, நுரை காற்றைத் தடுக்கிறது. எரிபொருளின் மேல்தோலே தீக்கு மூடியாகிவிடுகிறது.

இந்த மூடி உடையாமல் இருக்க வேண்டும். அடியில் கம்பி தொடர்ந்து சூடேற்றினால் எண்ணெய் கொதித்து நுரையைக் கிழித்துவிடும். ஆகவே கரைசல் பாயும் கணமே மின்சாரமும் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும் என்பதும் விதி. அணைந்துவிட்டதா என்று கரண்டியால் கிளறிப் பார்ப்பது, அவசரப்பட்டு எண்ணெயை வடிப்பது, இரண்டும் தீயை மறுபடி அழைக்கும். புகைபோக்கிக் குழாய் தனிக் கவலை. உள்ளே படிந்த பிசுக்கு பற்றினால் தீ அடுத்தடுத்த தளங்களுக்கு ஏறும். கழற்றிக் கழுவக்கூடிய பிசுக்கு வடிகட்டி, தீ வந்தால் மூடிக்கொள்ளும் தடுப்புத் தகடு, குழாய்க்குள்ளேயே தீயணைப்பு ஏற்பாடு என்று பயணிகள் கப்பலில் மூன்றும் இருக்கும்.

துறைமுக வாசலைத் தாண்டினால் இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைகள், காசிமேட்டில் மீன் வறுவல் கடைகள். அங்கே எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே சிலிண்டர் நிற்கிறது. திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவை எண்ணெயின் சூட்டைக் குறைக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். சட்டியை முழுக்க மூடும் அளவுள்ள தட்டையான உலோக மூடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் அடுப்பை அணையுங்கள், மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள், சட்டியை நகர்த்தாதீர்கள், நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். சாலையோரச் சட்டியில் மாட்டக்கூடிய மலிவான வெப்பத் துண்டிப்பான் ஒன்றை நம் பொறியியல் கல்லூரிகள் வடிவமைக்கலாம். அதற்கு அரசு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கினால் முழு மனதோடு வரவேற்பேன்.

கடைசியாக, வாசகர் கேட்காத ஒன்று. கடல் கொந்தளித்துக் கப்பல் ஆடும்போது ஃப்ரையரை அணைத்து மூடிவிடுவது சமையற்காரர்களின் வழக்கம். அந்த நாளில் பூரியை எதிர்பார்க்க வேண்டாம்.