கடலோரத் தோட்டத்தில் குஷன் புஷ்: தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள்

மெல்பர்ன் விரிகுடா ஓரத்து வீடுகளில் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். "நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு காஞ்சிருச்சு" என்று குஷன் புஷ் செடியைக் காட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்றுதான். நம்மவர்கள் வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றிய கையோடு இதற்கும் ஒரு குவளை ஊற்றிவிடுவார்கள். பாசம்தான், ஆனால் செடி தாங்காது.

லியூகோஃபைட்டா பிரவுனி என்கிற இந்தச் செடி ஆஸ்திரேலியாவின் தென்கரைக்கே உரியது. போர்ட் கேம்பல் பக்கம் பாறை விளிம்பில், உப்புக்காற்று நேராக அறையும் இடத்தில், வெள்ளிக் கம்பியைச் சுருட்டி வைத்ததுபோல் உருண்டையாக நிற்கும். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரியும். மேலே இருப்பது நெருக்கமான வெண்ரோமம். வெயிலைத் திருப்பி அனுப்புவதும் ஈரம் போகாமல் காப்பதும் அதுதான். தெளிப்பான் தண்ணீரையும் அதே ரோமம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரத்தால் நடுப்பகுதி கறுத்து அழுகிவிட்டால் அப்புறம் தேற்றுவது கடினம்.

இங்கே இலையுதிர்காலமான ஏப்ரல், மே மாதங்களில் நடுங்கள். நாள் முழுக்க வெயில் வேண்டும். விரிகுடா ஓரத்து சாண்ட்ரிங்ஹாம், பிளாக் ராக் பக்கத்து மணல் மண் அப்படியே போதும். களிமண் என்றால் 30 செ.மீ. மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை வேரில் தண்ணீர் விட்டால் சரி. உரம் வேண்டாம், போட்டால் தண்டு நீண்டு, உருண்டை வடிவம் கலைந்துவிடும்.

கத்தரிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சின்னச் செடியிலிருந்தே நுனியை மட்டும் அடிக்கடி கிள்ள வேண்டும். கோடையில் வரும் உருண்டையான மஞ்சள் பூக்கள் முடிந்ததும் மேலாக ஒரு வெட்டு. இலையில்லாத பழைய கட்டையில் கத்தரி வைத்தால் பெரும்பாலும் துளிர்க்காது.

எப்படிப் பார்த்தாலும் சில வருடங்களில் நடு திறந்து, செடி கிழடு தட்டும். அதற்கு முன்பே ஒரு விரல் நீள நுனித்துண்டுகளை, கீழ் இலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றிவிடுங்கள். மேலே பிளாஸ்டிக் மூடாதீர்கள். ரோமத்தில் ஈரம் தங்கி அழுகும்.

துண்டு எடுப்பது உங்கள் செடியிலிருந்தோ நண்பர் வீட்டிலிருந்தோ இருக்கட்டும். கடற்கரையில் நிற்பதை ஒடிக்காதீர்கள். பொது நிலத்தில் நாட்டுச் செடி பறிக்க அனுமதி வேண்டும், அங்கே அது மணலைப் பிடித்து நிற்கிறது. உள்ளூர் நாட்டுச்செடி நர்சரிகளில் குழாய் போன்ற ஒடுங்கிய சிறு தொட்டியில் இளஞ்செடி கிடைக்கும். பெரிய தொட்டிச் செடியைவிட அதுதான் சீக்கிரம் வேர் பிடிக்கிறது.