காலைக் காட்டாதீர்கள், காகிதத்தைக் காட்டுங்கள்

முன்னாள் படைவீரர்களின் ஊன ஓய்வூதிய வழக்குகளை நடத்தும் வக்கீல் நான். வந்து உட்கார்ந்ததும் கட்சிக்காரர் வேட்டியை விலக்கிக் காலைக் காட்டுவார். என் கண் அவர் கொண்டுவந்த ஆவணப் பையின் மேல் இருக்கும். எனக்கே இது உறுத்தும். இங்கிலாந்தில் ஊனமுற்ற சிப்பாய்கள் போட்ட பழைய பென்ஷன் மனுக்களைப் படித்த பிறகுதான் இது நானூறு வருஷத்துப் பழக்கம் என்று புரிந்தது.

1593-இல், முதலாம் எலிசபெத் ஆட்சியில், ஊனமுற்ற சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் அங்கே சட்டம் வந்தது. ஒவ்வொரு பாரிஷிலும் (தேவாலயத்தை ஒட்டிய ஊர்ப் பிரிவு) வரி வசூலித்து, கவுண்டிப் (நம்ம மாவட்டம் மாதிரி) பொருளாளர் பென்ஷன் கொடுக்க வேண்டும். சாதாரணச் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 10 பவுண்டு வரை தரலாம். ஆனால் பல இடங்களில் கைக்கு வந்தது 2 பவுண்டுதான், சிலருக்கு அதுவும் இல்லை.

எந்தக் கவுண்டியில் படைக்குப் பிடித்துப் போனார்களோ அங்கேதான் கேட்க வேண்டும். காயத்துக்குத் தளபதியோ கேப்டனோ கையெழுத்திட்ட சான்று வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் நீதிபதிகள் முன் மனு போடவேண்டும். பட்டியல் நிரம்பியிருந்தால், ஏற்கெனவே வாங்கும் ஒருவர் செத்தால்தான் இடம். பென்ஷன் வாங்குகிறவர் பிச்சையெடுத்துப் பிடிபட்டால் அதுவும் போச்சு. 2 பவுண்டில் குடும்பம் நடத்திக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும், அந்த நீதிபதிகளை!

எழுத்தர்கள் எழுதிக் கொடுத்த அந்த மனுக்களில் சேவை, போர், காயம், பிள்ளைகள், கடைசியில் கோரிக்கை என்று வரும். இன்றும் நான் ஏறக்குறைய அதே வரிசையில்தான் வரைகிறேன்.

மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கிய 1642-இல் பாராளுமன்றம் தன் பக்கத்து வீரர்களின் விதவைகளையும் சேர்த்தது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் பாராளுமன்றத்துக்காகப் போரிட்டவர்கள் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். 1662 சட்டம் மன்னர் பக்கம் நின்றவர்களுக்கு. ஆட்சி மாறியதால் யாருக்கும் வெட்டுப்பட்ட கால் முளைத்துவிடவில்லை.

கேப்டன் இறந்துபோயிருந்தால்? கூடப் போரிட்டவர், ஊர்க்காரர், காயத்துக்குக் கட்டுப்போட்ட மருத்துவர் என்று தேடிப்போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். மருத்துவ வாரிய அறிக்கையின் நகலை இப்போதே வாங்கிவிடுங்கள். சம்பவத்தின்போது கூட இருந்தவரிடம், அவர் நன்றாக இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

போன மாதம், ராணுவத்தில் நாயக் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம், "வண்டி கவிழ்ந்தப்போ கூட இருந்தவர் இப்ப எங்கே?" என்று கேட்டேன்.

"போன தையில தவறிட்டார் சார்" என்றார்.