யூனிசெக்ஸ் கழிப்பறை: தமிழில் எப்படி எழுதுவது?

ஆண் படமும் பெண் படமும் ஒரே கதவில் ஒட்டியிருக்கும்; கீழே ‘யூனிசெக்ஸ்’ என்று இருக்கும். இந்தச் சொல் ஆங்கிலத்திலேயே புதிது. 1960களில் உடை, சிகையலங்காரம் பற்றிய பேச்சில்தான் பரவியது. ஆணும் பெண்ணும் போடக்கூடிய சட்டை, இருவருக்கும் முடி வெட்டும் சலூன். கழிப்பறைக் கதவுக்கு வந்தது அப்புறம்தான்.

‘யூனி’ என்பது லத்தீனில் ஒன்று. ‘செக்ஸ்’ என்பதன் மூலம் ‘செக்ஸுஸ்’. அதை வெட்டுதல், பிரித்தல் என்னும் பொருளுள்ள லத்தீன் வினையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. நம்முடைய ‘பால்’ என்பதற்கும் பகுதி, பிரிவு என்றுதான் பொருள். அறத்துப்பாலில் இருப்பதும் அதே பால். சரி, அப்படியானால் நேரடியாக ‘ஒருபால் கழிப்பறை’ என்று எழுதிவிடலாமா? எழுதினால் தலைகீழாகிவிடும். ஒரு பாலினத்தவர் மட்டும் போகக்கூடிய இடம் என்றே யாரும் படிப்பார்கள்.

‘டாய்லெட்’டின் கதை இதைவிட வேடிக்கையானது. பிரெஞ்சில் ‘துவால்’ என்றால் துணி, ‘துவாலெத்’ சின்னத் துணி. ஒப்பனை மேசைமேல் விரித்த துணியைக் குறித்த சொல், மேசைக்கு ஆகி, ஒப்பனை செய்வதற்கு ஆகி, ஒப்பனை செய்யும் அறைக்கு ஆகி, கடைசியில் இங்கே வந்து நின்றது. சொல்லக் கூச்சப்படும் இடத்துக்கு வேறொரு பெயரை இரவல் வாங்குவது எல்லா மொழிக்கும் வழக்கம். நம் இலக்கணத்தில் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயரே இருக்கிறது. ‘கால் கழுவி வந்தான்’ என்பது பள்ளிப் பாடத்து உதாரணம். ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’, அதாவது அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல், என்று தொல்காப்பியமே வழி காட்டிவிட்டது. ஆனால் அவசரத்தில் ஓடி வருகிறவருக்குப் பலகையில் இடக்கரடக்கல் உதவாது. ‘ஒப்பனை அறை’ என்று எழுதி வைத்தால் அவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

கழிப்பறையா, கழிவறையா? இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. கழித்தல் என்ற செயலிலிருந்து வரும் கழிப்பறைதான் என் தேர்வு. கழிவறை என்றால் கழிவைச் சேர்த்துவைக்கும் அறைபோல ஒலிக்கிறது.

இனி ‘யூனி’க்கு வருவோம். முதலில் நினைவுக்கு வருவது ‘இருபாலர்’. இருபாலர் பள்ளி, இருபாலர் கல்லூரி என்று பழகிய சொல். ஆனால் ‘இருபாலர் கழிப்பறை’ என்ற பலகையைப் பார்ப்பவர், உள்ளே இரண்டு பக்கமும் தனித்தனியாக இருக்கும் என்று எண்ண இடமுண்டு. தவிர, ‘இரு’ என்று எண்ணிவிட்டால் அந்த இரண்டில் அடங்காதவர்கள் வெளியே நிற்கிறார்கள். இந்தக் கதவு யாருக்குப் பெரிதும் தேவையோ, அவர்களே வெளியே.

இலக்கணப் பெட்டியில் இன்னொரு சொல் இருக்கிறது: பலர்பால். ‘வந்தார்கள்’ என்றால் வந்தவர்கள் ஆண்களா பெண்களா என்று வினை காட்டிக்கொடுக்காது. பொருள் கச்சிதம். ஆனால் ‘பலர்பால் கழிப்பறை’ என்றால் பலர் ஒரே நேரத்தில் போகும் இடமோ என்று சிரிப்பார்கள். ‘பொது’வும் கிடைக்காது. பொதுக் கழிப்பறை என்பது ஏற்கெனவே வேறு பொருளில் நிலைத்துவிட்டது.

உண்மையில் குழப்பம் மொழிபெயர்ப்பில் மட்டும் இல்லை, கட்டுமானத்திலும் இருக்கிறது. ஆண், பெண் என்ற பிரிவினை ஒன்றும் ஆதிகாலத்து ஏற்பாடு அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1887இல், ஆணும் பெண்ணும் வேலை செய்யும் இடங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று சட்டம் போட்டது. 1920க்குள் அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் அதே வழியில் போயின. பெண்கள் ஆலை வேலைக்கு வந்ததன் விளைவு அது. பாதுகாப்புக் கவலையும் இருந்தது, பெண் மென்மையானவள் என்ற அன்றைய எண்ணமும் இருந்தது. வீட்டிலும் விமானத்திலும் ஒரே கதவைத்தான் எல்லோரும் திறக்கிறோம்.

பிரிவினையின் விலையை வரிசையில் பார்க்கலாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பரப்பளவு கொடுத்தால், நின்றபடி சிறுநீர் கழிக்கும் தொட்டிகள் சின்ன இடத்தில் அடங்கிவிடுவதால் ஒரே நேரத்தில் அதிக ஆண்கள் போய்வர முடியும். பெண்களுக்கு நேரமும் கூடுதலாகத் தேவை. ஆக, ஒரு வரிசை வாசலைத் தாண்டி நீளும்போது அடுத்த வாசல் காலியாக இருக்கும். சின்ன மகளை அழைத்து வந்த அப்பாவும், கணவரைத் தாங்கிப் பிடித்து வரும் மனைவியும் எந்தக் கதவைத் திறப்பது? திருநர்களுக்கோ ஒவ்வொரு முறையும் இதே கேள்வி.

அதற்காகப் பிரிவினையை விரும்புவோரின் கவலையைத் தள்ளிவிட முடியாது. மேலும் கீழும் இடைவெளி விட்ட அரைத் தடுப்பு, எல்லோருக்கும் பொதுவான கைகழுவும் தொட்டி: இப்படிப்பட்ட இடத்தில் பலகையை மட்டும் மாற்றினால், மாதவிடாய் நாளில் கறையைக் கழுவ நினைக்கும் பெண் எங்கே போவாள்? இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல் குடியிருப்பு அல்லாத புதிய கட்டடங்களில் ஆண், பெண் தனிக் கழிப்பறைகளுக்கு முன்னுரிமை தரும் விதி வந்தது. அதே விதி, உள்ளேயே கைகழுவும் தொட்டியோடு முழுதாக அடைத்துப் பூட்டக்கூடிய தனி அறையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்கிறது.

‘யூனிசெக்ஸ்’ என்ற ஒரே சொல் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிறது. தமிழில் பிரித்தே சொல்லலாம். பல தடுப்புகளும் பொதுத் தொட்டியும் உள்ள கூடத்துக்கு ‘அனைத்துப் பாலினர் கழிப்பறை’. நீளம்தான், ஆனால் ஐயம் வராது. பூட்டிக்கொள்ளும் தனி அறை என்றால் பால் பற்றிய பேச்சே வேண்டாம். ‘கழிப்பறை’ என்று மட்டும் எழுதி, ஆள் படத்துக்குப் பதிலாகக் கழிப்பறைப் பீங்கானின் படத்தை வரைந்துவிடலாம்.