லண்டன் போகிற பிள்ளையின் பைக்குள் பெப்பர் ஸ்பிரே வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் பெட்டி கட்டும்போது அம்மாமார் கறித்தூளோடு சேர்த்து மகளுக்கு, தாக்க வருபவரின் கண்ணில் அடித்தால் எரியவைக்கும் ஒரு பெப்பர் ஸ்பிரேக் குப்பியும் தேடுகிறார்கள். இரவு வேலை முடிந்து தனியாக பஸ்ஸுக்கு நிற்கப்போகிற பிள்ளை; பயம் நியாயமானதுதான். ஆனால் பிரித்தானியாவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், 5ஆம் பிரிவு, அந்தக் குப்பியைத் தடைசெய்த ஆயுதமாகவே பார்க்கிறது. யார் மீதும் அடிக்க வேண்டியதில்லை, வைத்திருந்தாலே குற்றம். உச்சத் தண்டனை 10 வருடம்.

எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி பாரிஸ் லா சப்பலில் அண்ணன் வீட்டுக்குப் போன இடத்தில் ஒன்று வாங்கினாள். பிரான்சில் 18 வயதானால் கடையிலேயே வாங்கலாம். லண்டனில் பிடிபட்ட இரவு, "ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் இப்பவே வீட்டுக்குப் போகலாம்" என்றார்களாம். போட்டாள். அதற்குப் பெயர் கோஷன் (caution), குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குப் பொலிஸ் கொடுக்கும் எச்சரிக்கை. வழக்கு இல்லை, ஆனால் பதிவு உண்டு. அடுத்த விசா படிவத்தில் அதைக் கேட்டே ஒரு கேள்வி இருக்கும். மறைத்தால் பொய் சொன்ன குற்றமும் சேரும். அப்புறம் விளக்கக் கடிதம், பொலிஸ் தாள், "இங்கே இல்லை, அங்கே கேளுங்கள்" என்று மாதக்கணக்கில் அலைச்சல்.

ஆகவே கையெழுத்துக்கு முன் இரண்டு கேளுங்கள்: இலவச சட்டத்தரணி, தமிழ் மொழிபெயர்ப்பாளர். பொலிஸ் நிலையத்தில் இரண்டுக்கும் காசு இல்லை, வருமானமும் பார்ப்பதில்லை. நேரம் எடுக்கும் என்பார்கள். எடுக்கட்டும்.

"சரி, மிளகாய்த்தூளைச் சின்னப் போத்தலில் போட்டு விடுகிறேன்" என்றார் ஒரு அம்மா. பெட்டியில் இருந்தால் அது சமையல் சாமான். கண்ணில் வீசவென்று கைப்பையில் வைத்தால் அதுவும் ஆயுதம்தான்.

கனடாவிலும் ஏறக்குறைய இதே கதை. நாய், கரடிக்கு என்று எழுதிய குப்பி கடையில் கிடைக்கும். மனிதர் மீது அடிக்கவென்று எடுத்துத் திரிந்தால் குற்றம். "என் பாதுகாப்புக்குத்தான்" என்ற பதிலே அங்கே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

லண்டனில் தயக்கமில்லாமல் வைத்திருக்கக்கூடியது கையடக்க அலாரம். ஊசியை இழுத்தால் காது கிழியக் கத்தும். அதைப் பையின் அடியில் போடாமல் சாவிக்கொத்தில் கொழுவி விடுங்கள். அவசர இலக்கம் 999.