ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது?

புதிதாக ஓர் அணுமின் நிலையம் வரப்போகிறது என்றால் ஊரில் எல்லோரும் உலையைப் பற்றித்தான் கேட்பார்கள். என்ன உலை, எந்த நாட்டுத் தொழில்நுட்பம், கதிர்வீச்சு வெளியே வருமா? நியாயமான கேள்விகள்தான். ஆனால் மின்நிலையங்களுக்குத் தரைமட்டமும் கடல்நீர்ப் பாதையும் வடிவமைத்தே வேலை நாள்களைக் கழித்த எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது வேறு. டீசல் ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது? அந்தத் தளம் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர்?

நிலக்கரி நிலையத்தில் எரிபொருளை நிறுத்தினால் தீ அணைந்துவிடும். அணு உலையை நிறுத்தினாலும் சூடு நிற்காது. அணுப்பிளவு நின்ற பிறகும், எரிபொருளுக்குள் சேர்ந்துபோன கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பத்திறன் சுமார் 3000 மெகாவாட். நிறுத்திய கணத்தில் அதில் 6 முதல் 7 சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவு, மிச்சமிருக்கும். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் போல வந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டைத் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். தண்ணீரை ஓட்டப் பம்ப் வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்தொடர் அறுந்துவிட்டால் அந்த மின்சாரத்துக்கு டீசலைத்தான் நம்ப வேண்டும்.

ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையம் அமைந்த இடம் முதலில் கடலுக்கு மேல் சுமார் 35 மீட்டர் உயரமான மேடு. 1960களில் அதை 10 மீட்டர் வரை வெட்டி இறக்கினார்கள். கட்டடம் பாறையில் உட்கார வேண்டும், கனமான பாகங்களைக் கப்பலிலிருந்து எளிதாக இறக்க வேண்டும், கடல்நீரை மேலே ஏற்றும் செலவு குறைய வேண்டும். எல்லாமே ஒரு பொறியாளர் சொல்லக்கூடிய காரணங்கள்தான். நானும் அந்த மேசையில் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பேனோ என்று பல முறை யோசித்திருக்கிறேன். குளிர்விக்க வினாடிக்கு 50 கன மீட்டர் கடல்நீர் தேவைப்படும் நிலையத்தில், அதை ஒரு மீட்டர் கூடுதலாக உயர்த்த மட்டும் ஏறக்குறைய 500 கிலோவாட் செலவாகும். நிலையம் ஓடும் காலம் முழுக்க. கூட்டத்தில் அந்தக் கணக்கை யாராவது பலகையில் எழுதினால் தரைமட்டம் தானாகவே கீழே இறங்கும்.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட ஆழிப்பேரலை உயரம் 3.1 மீட்டர். 1960 சிலி நிலநடுக்கத்தின்போது அந்தப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் பதிவானது அது. 2002இல் அதை 5.7 மீட்டராக உயர்த்தினார்கள். 2008இல் நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குள்ளேயே போட்ட ஒரு கணக்கு, 15.7 மீட்டர் வரை வரலாம் என்றது. அந்தக் கணக்கு டிராயிங்கில் ஏறவில்லை. 2011 மார்ச் 11 அன்று, பெரும் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலையின் நீர், 10 மீட்டரில் இருந்த கட்டடங்களைச் சூழ்ந்தது.

அங்கே 13 டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன. அலைக்குப் பிறகு ஓடியது ஒன்றே ஒன்று. 6ஆம் உலைக்கு உரியது அது. கடல்நீர் தேவைப்படாமல் காற்றால் குளிரும் வகை, தனிக் கட்டடம், மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரமான தரை. 5, 6 இரண்டு உலைகளையும் அதுதான் காப்பாற்றியது. 2, 4 ஆகிய உலைகளுக்கும் அதே மாதிரி காற்றால் குளிரும் ஜெனரேட்டர்கள் தரைத்தளத்தில் இருந்தன. அவை மூழ்கவில்லை. ஆனால் அவற்றின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச்கியர் அடித்தளத்தில் இருந்தது, அது மூழ்கிவிட்டது. எஞ்சின் நன்றாக இருக்கிறது, மின்சாரம் போக வழியில்லை. புதிதாகச் சேரும் இளம் பொறியாளர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒரு விஷயத்தைத்தான். ஜெனரேட்டரை மட்டும் பார்க்காதீர்கள், அதிலிருந்து கிளம்பும் கேபிள் கடைசிவரை எங்கெல்லாம் போகிறது என்று விரல் வைத்துத் தொடர்ந்து பாருங்கள்.

அதே கடற்கரையில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கத்தில், ஓனகாவா நிலையம் இருக்கிறது. அங்கே வந்த அலை சுமார் 13 மீட்டர். நிலையத்தின் தரைமட்டம் 14.8 மீட்டர். நிலநடுக்கத்தில் நிலம் ஒரு மீட்டர் போல இறங்கியும் நீர் எட்டவில்லை. திட்டமிடும் கட்டத்தில் 12 மீட்டர் போதும் என்று பேச்சு இருந்தபோது, யானோசுகே ஹிராய் என்ற மூத்த பொறியாளர் விடாப்பிடியாக உயரத்தைக் கேட்டு வாங்கினார். கிபி 869இல் அந்தக் கரையை அழித்த ஜோகன் பேரலையை அவர் மறக்கவில்லை. கடல் பின்வாங்கும்போதும் பம்புகளுக்குத் தண்ணீர் மிஞ்சும்படி நீரெடுக்கும் குழியை அமைக்கச் சொன்னவரும் அவர்தான். 1986இல் இறந்துவிட்டார். 2011இல் வீடிழந்த பக்கத்து ஊர்க்காரர்கள் முந்நூறு பேருக்கும் மேல் அந்த நிலையத்தின் வளாகத்தில்தான் தஞ்சமடைந்தார்கள்.

சரி, உயரம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. 1999 டிசம்பர் 27 இரவு பிரான்சின் பிளாயே நிலையத்தில், புயலும் ஏற்றநீரும் சேர்ந்து ஆற்றுமுகத் தடுப்பைத் தாண்டின. தண்ணீர் நிலத்தடிப் பாதைகள் வழியாக உள்ளே போய்ப் பாதுகாப்புப் பம்புகள் சிலவற்றை மூழ்கடித்தது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு ஒருமுறை நடுங்கியது. கடலோர அனல்மின் திட்டம் ஒன்றில், கேபிள் டிரெஞ்ச், அதாவது கேபிள்கள் போகும் பள்ளம், சுவரைத் துளைத்துப் போகும் இடங்களை அடைப்பதை நாங்கள் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டிருந்தோம். ஒரு ஐப்பசி மழையில், அந்தத் துளைகள் வழியாகவே சுவிட்ச்கியர் அறைக்குள் முழங்காலளவு தண்ணீர். அங்கே நஷ்டம் பணத்தோடு போனது. அதற்குப் பிறகு அடைப்பு விவரம் இல்லாத எந்த டிராயிங்கிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

நம் கரைக்கும் இந்தப் பாடம் வந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை கல்பாக்கத்தில் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடலடிச் சுரங்கம் வழியாக நீர் ஏறிப் பம்ப் ஹவுஸை நிரப்பியது. முக்கியக் குளிர்நீர்ப் பம்புகள் நின்றன, உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. வெளி மின்சாரம் போகவில்லை, அது பெரிய ஆறுதல். பக்கத்தில் வேக ஈனுலை என்ற வேறு வகை அணு உலைக்காகத் தோண்டியிருந்த குழி நீரால் நிரம்பியது, ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. அந்த நிலையத்தை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்தது புயலால் எழும் கடலை. நிலநடுக்கத்தால் எழும் கடலை அல்ல.

அப்புறம் வந்த வடிவமைப்புகள் மேம்பட்டிருக்கின்றன, அதை மறைக்க எனக்கு மனமில்லை. கூடங்குளத்தில் எல்லா மின்சாரமும் போனாலும், நீராவி தானாக மேலேறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, நீராகித் திரும்பும் ஏற்பாடு இருக்கிறது. உலைக்கடியில், உருகிய எரிபொருளைப் பிடிக்கும் தொட்டியும் உண்டு. பம்பே தேவைப்படாத குளிர்விப்புதான் சரியான திசை என்று முழுமனதோடு நம்புகிறேன். அணுமின்சாரம் வேண்டாம் என்று சொல்கிறவனும் நான் இல்லை. 2047க்குள் 100 கிகாவாட் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். அப்படியானால் இனி பல கடற்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் யாரோ ஒரு பொறியாளர் தரைமட்டத்தின் எண்ணை எழுதப்போகிறார். அந்த எண்ணை எழுதும் நாளில் பக்கத்தில் கேள்வி கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதே என் கவலை. பிறகு சுவர் கட்டலாம், கதவு மாற்றலாம், நிலத்தை மட்டும் உயர்த்த முடியாது.

சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். திட்டச் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே சொல்கிறது. இடம் தேர்வு, கட்டுமானம், இயக்கம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் தனித்தனியாக வேண்டும். கூட்டத்துக்குப் போகிறவர்கள் வேலைவாய்ப்பும் இழப்பீடும் கேளுங்கள், கூடவே ஒரு படமும் கேளுங்கள். நிலையத்தைக் கடலிலிருந்து உலைவரை குறுக்கே வெட்டிக் காட்டும் படம். அதில் சராசரி கடல்மட்டத்துக்கு ஒரு கோடு, அவர்கள் கணக்கிட்ட அதிகபட்ச வெள்ளத்துக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஜெனரேட்டர், சுவிட்ச்கியர், பேட்டரி, டீசல் தொட்டி நான்கையும் குறிக்கச் சொல்லுங்கள். எவை கோட்டுக்கு மேலே, எவை கீழே என்று பார்க்கப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை.